ஐந்து நிமிஷம் முப்பத்தொரு செகண்டு

எம்.ரெட்டியபட்டி
8.2.1987

அன்புள்ள அத்தானுக்கு,

ஷீலா எழுதுவது. மாமா, அத்தை, நான், உங்கள் தம்பி இன்பராஜ் எல்லோரும் சுகம். சுகம் என்று எழுத வேண்டியிருக்கிறது, எழுதிவிட்டேன். உண்மையில் இந்த வீட்டில் யாரும் சிரித்து இரண்டு வாரம் ஆகிறது.

மிலிட்டரி ஆளெடுப்பில் இன்பராஜ் இந்தத் தடவையும் தேறவில்லை. உயரம் சரி, நெஞ்சளவு சரி. ஒரு மைல் ஓட்டத்தில்தான் போயிற்று. ஐந்து நிமிஷம் நாற்பது செகண்டுக்குள் வர வேண்டுமாம். இவன் ஆறு இருபதில் வந்திருக்கிறான். வீட்டுக்கு வந்தவன் நேரே ஆட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதான். மாமா அதைப் பார்த்துவிட்டு, "மூத்தவன் அஞ்சு முப்பத்தொன்னுல வந்தான். நீ ஆடு பத்தத்தாம்லே லாயக்கு" என்று சொல்லிவிட்டார்கள். எனக்கே சுருக்கென்றது.

அடுத்த ஆளெடுப்பு ஜூலையில். அக்டோபரோடு அவனுக்கு வயது தாண்டிவிடும். ஆக, பாக்கி இருப்பது ஒரே ஒரு தடவை.

அதனால் நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன். கண்மாய்க்குக் கீழே நம் செவக்காட்டுத் தரிசில் முள்ளை வெட்டி ஒரு வட்டம் போட்டோம். என் தையல் டேப்பால் கிணற்றுக் கயிற்றை அளந்து இருபது கஜத்தில் முடிச்சுப் போட்டு, அந்தக் கயிற்றால் இருபத்திரண்டு தடவை பிடித்தோம். ஒரு சுற்று நானூற்று நாற்பது கஜம். நாலு சுற்று ஒரு மைல். விடிந்ததும் அவன் ஓடுகிறான், நான் நேரம் பார்க்கிறேன். செகண்டு முள் உள்ள வாட்சு தெருவில் யாரிடமும் இல்லை. உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய வாட்சை எடுத்துக்கொண்டேன். சாவி கொடுத்ததும் ஓடிவிட்டது. கோபிக்காதீர்கள்.

நீங்கள் எப்படி ஓடினீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். "மதினி, அண்ணன்ட்ட கேளுங்க, கேளுங்க" என்று நச்சரிக்கிறான்.

இப்படிக்கு,
ஷீலா

*

ஜபல்பூர்
19.2.1987

ஷீலா,

கடிதம் கிடைத்தது. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் ஒன்றே முக்கால் பக்கம் இன்பராஜ். இங்கே பத்து நாளாக எனக்குக் காய்ச்சல். நீ கேட்கவில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன்.

அந்த வாட்சு நான் முதல் சம்பளத்தில் வாங்கியது. நம் கல்யாணத்தன்று கட்டியதோடு சரி, பிறகு வெளியே எடுக்கவே இல்லை. அதை நீ தரிசுக் காட்டுக்குக் கொண்டு போகிறாய். போன லீவில் நான் காலை ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும் என்று நாலு தடவை எழுப்பினேன். நீ போர்வையை இழுத்து மூடிக்கொண்டாய். கடைசியில் அம்மாதான் காப்பி போட்டாள். இப்போது விடிவதற்கு முன்னாலேயே எழுந்துவிடுகிறாயாம். நல்ல முன்னேற்றம்.

கேட்டதால் சொல்கிறேன். மைல் என்றால் முதல் சுற்றுதான். மற்றது சும்மா. விசில் ஊதியதும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பறக்க வேண்டும். முதல் சுற்றை எழுபது செகண்டில் முடிக்க வேண்டும். பின்னால் வருகிறவன் நம் முதுகைப் பார்த்தே மனசு விட்டுவிடுவான். நான் அப்படித்தான் ஓடினேன். அதற்கு நெஞ்சில் தெம்பு வேண்டும். அவனுக்கு அது கிடையாது என்று சின்ன வயசிலேயே எனக்குத் தெரியும். இருந்தாலும் ஓடிப் பார்க்கட்டும்.

வாட்சை அவன் கையில் கொடுக்காதே. நீயே கட்டிக்கொள்.

ஜெபக்குமார்

*

எம்.ரெட்டியபட்டி
6.4.1987

அன்புள்ள அத்தானுக்கு,

காய்ச்சல் விட்டதா? கஷாயம் போட்டுக் கொடுக்க அங்கே ஆள் இருக்கிறதா? இதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று நினைத்தேன், கேட்டுவிட்டேன். இனி மைலுக்கு வருகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியபடியே ஓடினான். முதல் சுற்று எழுபது செகண்டு, சொல்லி வைத்த மாதிரி. இரண்டாவது தொண்ணூற்றைந்து. மூன்றாவது நூற்றுப் பன்னிரண்டு, பார்க்கவே பாவமாக இருந்தது. நாலாவது நூற்றாறு. கோட்டைத் தொட்டதும் குப்புற விழுந்து வாந்தி எடுத்தான். மொத்தம் ஆறு இருபத்து மூன்று. ஆளெடுப்பில் ஓடியதைவிட மூன்று செகண்டு மோசம். "எனக்குத் தெம்பு இல்ல மதினி, அண்ணன் மாதிரி எனக்கு வராது" என்றான். ஒரு வாரம் இதே கதை.

எனக்கு இது என்னவென்று பிடிபடவில்லை. ஒருநாள் அவன் ஆட்டை ஓட்டிக்கொண்டு போன பிறகு நானே ஓடிப் பார்த்தேன். சிரிக்காதீர்கள். சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, வாட்சைக் கையில் பிடித்துக்கொண்டு நாலு சுற்றும் ஓடினேன். நேரத்தைச் சொல்ல மாட்டேன். முதல் சுற்று ஒன்றுமே தெரியவில்லை, இவ்வளவுதானா என்று இருந்தது. இரண்டாவதில் காது சுட்டது. மூன்றாவதுதான் கொடுமை. ஆரம்பித்த உற்சாகமும் தீர்ந்துவிட்டது, முடியப் போகிறது என்ற தைரியமும் இன்னும் வரவில்லை. அந்தச் சுற்றில் ஆளுக்குத் துணையே இல்லை. இன்பராஜ் செத்துப் போவதும் அங்கேதான். முதல் சுற்றில் செலவழித்ததெல்லாம் மூன்றாவதில் இல்லாமல் போகிறது.

தையல் மிஷினில் நீளத் தையல் போடும்போது நானும் ஆரம்பத்தில் இப்படித்தான் வேகமாக மிதிப்பேன், நூல் அறுந்துவிடும். கால் ஒரே சீராகப் போனால்தான் தையல் கடைசி வரை ஓடும். அவனிடம் அதையே சொன்னேன். முதல் சுற்றை அடக்கி ஓடு, நாலும் ஒரே நேரம் இருக்கட்டும் என்றேன். முதல் நாளே ஆறு ஒன்பது. வாரா வாரம் சுற்றுக்கு ஒரு செகண்டு குறைத்துக்கொண்டு வந்தோம். நேற்று நாலு சுற்றும் எண்பத்தேழு எண்பத்தேழாக வந்தான். மொத்தம் ஐந்து நாற்பத்தெட்டு!

அத்தை அவித்த முட்டையைத் தரிசுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். மாமா டீக்கடையில், "மூத்தவன் ரெக்கார்டு இந்த வருசம் போயிரும்போல" என்று சொன்னார்களாம்.

ஒரு சந்தேகம். நீங்கள் எழுபது செகண்டு என்று எழுதியது சரிதானா? ஞாபகப் பிசகாக இருக்குமோ?

இப்படிக்கு,
ஷீலா

*

ஜபல்பூர்
15.4.1987

ஷீலா,

நீ ஓடினாயா? சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டா? அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவர்களெல்லாம் அன்றைக்கு எங்கே போனார்கள்? இன்னொரு தடவை இப்படிச் செய்ததாகக் கேள்விப்படக் கூடாது.

எனக்கு ஞாபகப் பிசகு எதுவும் இல்லை. பிசகு உன்னிடம்தான். இரண்டு மாதத்தில் முப்பத்திரண்டு செகண்டு குறைந்தது என்றால் அதைக் குறைத்தது அவன் கால் இல்லை, உன் கயிறு. முடிச்சுப் போட்டது எப்போது, தரிசில் பிடித்தது எப்போது? காய்ந்த கயிறா, ஈரக் கயிறா? இங்கே மழை வந்தால் எங்களுக்கு முதல் வேலை கூடாரக் கயிற்றைத் தளர்த்துவதுதான். நனைந்த கயிறு குறுகும். தளர்த்தாமல் விட்டால் அடித்த முளையையே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். உன் கயிறும் குறுகித்தான் இருக்கும், உன் வட்டமும் குறுகித்தான் இருக்கும். அதில் ஓடித்தான் என் ரெக்கார்டைத் தாண்டப் போகிறானா? டீக்கடையில் பேசிய அப்பாவிடம் இதையும் போய்ச் சொல்லச் சொல்.

முட்டை கொடுக்கிறார்களாம். நான் ஓடின காலத்தில் கேப்பைக் கஞ்சியைக் குடித்துவிட்டு ஓடினேன். முட்டையெல்லாம் விலைக்கு வாங்க வரும் கூடைக்காரிக்குத்தான் போகும். அவன் காலுக்கு எண்ணெய் காய்ச்சிக் கொடுப்பது யார்? நீ எழுதவில்லை. நீதான் என்று எனக்குத் தெரியும்.

வாட்சை உடனே ரிஜிஸ்தர் பார்சலில் அனுப்பிவை. இங்கே தேவையாக இருக்கிறது.

ஜெபக்குமார்

*

எம்.ரெட்டியபட்டி
9.5.1987

அன்புள்ள அத்தானுக்கு,

வாட்சைப் பஞ்சில் பொதிந்து, டப்பாவில் வைத்து, துணி தைத்து, நேற்று அருப்புக்கோட்டைத் தபாலாபீசில் பார்சல் போட்டேன். தேவை இருக்கிறது என்று எழுதிய கையில் வேறொரு வாட்சு கட்டியிருப்பதைப் போன லீவில் எடுத்த போட்டோவில் பார்த்தேன். இருந்தாலும் உங்கள் பொருள், கேட்டீர்கள், அனுப்பிவிட்டேன்.

கயிறு விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. முடிச்சுப் போட்டது உச்சி வெயிலில், களத்தில். மறுநாள் காலையில் தண்ணீர் இறைத்துவிட்டு அதே கயிற்றைச் சொட்டச் சொட்ட எடுத்துக்கொண்டு போய்த் தரிசில் பிடித்தோம். எனக்கு அது தோன்றவே இல்லை. இப்போது சைக்கிளால் அளந்தோம். சக்கரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு உருட்டினோம். ஒரு உருளலுக்கு ஏழு அடி நாலு அங்குலம். ஒரு சுற்றுக்கு நூற்றெண்பது உருளல் வர வேண்டும், நூற்று எழுபத்திரண்டரைதான் வந்தது. பதினெட்டு கஜம் குறைவு, வட்டத்தைப் பெரிதாக்கிவிட்டோம். ஐந்து நாற்பத்தெட்டு என்று நாங்கள் குதித்ததெல்லாம் உண்மையில் ஆறு நிமிஷம் மூன்று செகண்டு. நீங்கள் தாராளமாகச் சந்தோஷப்படலாம். இன்பராஜ் அன்றைக்கு முழுக்கச் சோறு தின்னவில்லை.

ஆனால் இதை ஆளெடுப்பு மைதானத்தில் போய்த் தெரிந்துகொண்டிருந்தால் அவன் கதி என்ன? அந்த வகையில் நன்றி சொல்ல வேண்டும். நன்றி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்யாணமான இந்த மூன்று வருஷத்தில் நீங்கள் எனக்கு எழுதியதிலேயே போன கடிதம்தான் நீளம். புதிதில்கூட 'நலம், நலமறிய ஆவல், பணம் அனுப்பியிருக்கிறேன்' என்று மூன்று வரிதான். பொறாமை வந்தால்தான் உங்கள் பேனாவில் மை இறங்கும்போல. ஆமாம், எண்ணெய் காய்ச்சுவது நான்தான். தேய்த்துவிடுவது அத்தை. போதுமா?

இப்படிக்கு,
ஷீலா

*

ஜபல்பூர்
28.5.1987

ஷீலா,

வாட்சு வந்து சேர்ந்தது. கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்திருக்கிறது. பரவாயில்லை.

வாட்சு இல்லாமல் ஓட்டம் நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். அதுவும் நல்லதுதான். இரண்டு பேரும் மிலிட்டரிக்கு வந்துவிட்டால் நிலத்தை யார் பார்ப்பது? அப்பாவிடம் சொல்லி அவனை ஏதாவது மில்லிலோ தீப்பெட்டி ஆபீசிலோ சேர்த்துவிடச் சொல். எல்லாருக்கும் எல்லாம் அமையாது.

ஆகஸ்டில் லீவு கிடைக்கும்போல இருக்கிறது.

ஜெபக்குமார்

*

எம்.ரெட்டியபட்டி
20.6.1987

அத்தானுக்கு,

ஓட்டம் நிற்கவில்லை. வாட்சு போன பிறகுதான் அவன் ஓட்டத்துக்கே ஒரு ஒழுங்கு வந்திருக்கிறது. வலது கால் ஊன்றும்போது மட்டும் மனசுக்குள் எண்ணிக்கொண்டு ஓடுகிறான். சுற்றுக்கு நூற்று இருபத்தைந்து. முன்பெல்லாம் சுற்றுக்குச் சுற்று என் முகத்தைப் பார்ப்பான், நான் நேரத்தைச் சொன்னால்தான் வேகமா மெதுவா என்று அவனுக்குத் தெரியும். இப்போது கால் தப்பினால் அவனுக்கே தெரிந்துவிடுகிறது. "இந்தச் சுத்து கொஞ்சம் கூடிப் போச்சு மதினி" என்று அவனே சொல்கிறான்.

இந்தக் கடிதம் அதற்காக எழுதவில்லை.

போன புதன்கிழமை நூல்கண்டு வாங்க அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் ஒருவர் வந்து, "யம்மா, நீங்க ஜெபக்குமார் வீடுதான? கல்யாணத்துல பாத்தது" என்றார். பாலவனத்தம் சுப்புராஜ். பருப்பு மில்லுக்கு லோடு வண்டி ஓட்டுகிறாராம். எட்டு வருஷத்துக்கு முன்னால் உங்களோடு அதே ஆளெடுப்பில் ஓடியவர். நீங்கள் இவரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்பராஜ் கதையைச் சொன்னேன். முதல் சுற்று எழுபது செகண்டில் ஓடச் சொல்லி எழுதியிருந்தீர்கள் என்றும் சொன்னேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"எழுவதா? மாடு அத்துக்கிட்டு ஓடுன மாதிரி பாயத்தாம்மா பாத்தாரு. நாந்தான் பனியனப் பிடிச்சு இழுத்தேன். ஏலே, நாலு சுத்துலே, நாலும் ஒரே மாதிரி வாலேன்னு வஞ்சேன். மூணு சுத்தும் என் தோளோட தோளாத்தான் வந்தாரு. எம்பத்தி நாலு, எம்பத்தி நாலு, எம்பத்தி நாலு. கடேசிச் சுத்துக்குத்தான், இனிமே போலேன்னு விட்டேன். எழுவத்தி ஒம்போதுல முடிச்சாரு."

கூட்டிப் பார்த்தேன். ஐந்து முப்பத்தொன்று. அவரும் அன்றைக்கு ஓட்டத்தில் தேறிவிட்டாராம், காது கேட்கும் சோதனையில் தள்ளிவிட்டார்களாம். உங்கள் மேல் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. வாட்சோடு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து தம்பிக்கு நேரம் பார்த்துத் தருகிறேன் என்கிறார்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. முதல் சுற்று எண்பத்து நாலு என்று தெரிந்துகொண்டே எழுபது என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் உங்கள் கூடப் பிறந்தவன். பாக்கி இருப்பது ஒரே ஒரு தடவை என்று நான் முதல் கடிதத்திலேயே எழுதினேன். அந்தத் தரிசில் அவன் குப்புற விழுந்து கிடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஏன் அப்படி எழுதினீர்கள்? இதற்கு மட்டும் பதில் வேண்டும். ஆளெடுப்பு ஜூலை பதினாலு. அவனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. பதில் வராவிட்டால் ஆகஸ்டில் நீங்கள் வரும்போது நான் சாத்தூரில் எங்கள் அம்மா வீட்டில் இருப்பேன்.

ஷீலா

*

ஜபல்பூர்
8.7.1987

ஷீலா,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது. இதைத் திருப்பிப் படிக்காமல் ஒட்டிவிடப் போகிறேன்.

சுப்புராஜ் சொன்னது அத்தனையும் உண்மை. அவன் பனியனைப் பிடித்திராவிட்டால் நானும் அன்றைக்கு வாந்தி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். ஊரில் அவன் பேரைச் சொல்லவே இல்லை. தனியாக முதல் சுற்றிலேயே பறந்து எல்லாரையும் முறியடித்ததாகச் சொன்னேன். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். எட்டு வருஷம் சொல்லிச் சொல்லி எனக்கே அது நடந்த மாதிரி ஆகிவிட்டது. எழுபது என்று எழுதியதில் பாதி அது.

மறுபாதி தெரிந்தே எழுதியது. அவன் ஓட முடியாமல் விழ வேண்டும் என்று நினைத்துத்தான் எழுதினேன்.

அந்த வீட்டில் எனக்கென்று என்ன இருக்கிறது, சொல். சுவரில் ஒரு போட்டோ. அப்புறம் அந்த ஐந்து முப்பத்தொன்று. நான் இல்லாத நாளெல்லாம் அப்பா வாயில் என் பேர் வருவது அதனால்தான். அதையும் அவன் எடுத்துக்கொண்டால் எனக்கு மிச்சம் என்ன? அம்மா முட்டை அவிக்கிறாள், அப்பா டீக்கடையில் பேசுகிறார், நீ விடியுமுன் எழுந்து நிற்கிறாய். எல்லாம் அவனுக்கு. உன்னைக் கட்டி மூன்று வருஷம் ஆகிறது. கூடவே இருந்தது நூற்றைம்பது நாள். அவன் தினமும் உன் கையால் சாப்பிடுகிறான். தப்பாக நினைக்காதே, உன்மேலோ அவன்மேலோ எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் என்றால் ஒரு சண்டையில் தீர்ந்துபோகும். இது வயிற்றெரிச்சல். தண்ணீர் குடித்தாலும் அடங்கவில்லை.

வாட்சு வந்த அன்று சாயங்காலம் மைதானத்தில் நானே ஓடிப் பார்த்தேன். ஆறு நிமிஷம் ஐம்பது. மூன்றாவது சுற்றில் துணையே இல்லை என்று நீ எழுதியிருந்தாயே, அது சரி.

அவனிடம் சொல். முதல் சுற்றில் நாற்பது பேர் இவனைத் தாண்டிப் போவார்கள், போகட்டும். உள்வட்டத்தை விடக் கூடாது. மூன்றாவது சுற்றில் முன்னால் போகிறவன் முதுகில் கண்ணை வைத்து ஓட வேண்டும். கடைசி அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் தெம்பை மிச்சம் பிடிக்க வேண்டும்.

இது பதினாலாம் தேதிக்குள் வராது என்று எனக்குத் தெரியும். தந்தி கொடுக்கப் போனேன். படிவத்தைக் கையில் வாங்கியதும் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள், திரும்பி வந்துவிட்டேன்.

ஜெபக்குமார்

*

எம்.ரெட்டியபட்டி
18.7.1987

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் பதினைந்தாம் தேதி வந்தது. ஓட்டம் முந்தின நாளே முடிந்துவிட்டது.

இன்பராஜ் தேறிவிட்டான். சுப்புராஜ் வண்டிக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடவே போனார். வேலிக்கு வெளியே நின்று நேரம் பார்த்திருக்கிறார். எண்பத்து மூன்று, எண்பத்து மூன்று, எண்பத்து மூன்று, எண்பது. ஐந்து நிமிஷம் இருபத்தொன்பது. உங்களைவிட இரண்டு செகண்டு குறைவு. மறைக்காமல் எழுதுகிறேன். மறுநாள் மருத்துவச் சோதனையும் ஆயிற்று.  மாமா அவன் தோளில் துண்டைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

நீங்கள் மறைத்து வைத்ததைச் சொல்லிவிட்டீர்கள். என்னிடமும் ஒன்று இருக்கிறது.

உங்கள் கடிதம் வரும்போதெல்லாம் அவன் கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்காருவான். "மதினி, அண்ணன் எனக்கு என்ன எழுதிருக்காரு?" என்பான். பெண்டாட்டிக்கு எழுதிய கடிதம் என்று அவன் வாங்கிப் படிக்க மாட்டான், நான்தான் படிக்க வேண்டும். எழுபது செகண்டை மட்டும் உள்ளது உள்ளபடி படித்தேன். அவன் வாந்தி எடுத்துக் கிடந்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. அதே கடிதத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, பின்பக்கத்தில் இருப்பதாகப் படித்தேன். 'தம்பி, ஒரு தடவை பட்டால்தான் புரியும் என்று எழுபது ஓடச் சொன்னேன், இனிமேல் நாலு சுற்றையும் சமமாக ஓடு' என்று. அவன் முகம் அப்போது எப்படி மலர்ந்தது தெரியுமா? "அதான பாத்தேன், அண்ணன் காரணமில்லாமச் சொல்லுவாரா" என்றான்.

அதற்கப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை. கயிற்றுக் கடிதம் வந்தபோது, 'மைதானத்தில் போய் ஏமாந்து நிற்கக் கூடாது, அதனால்தான் குடைந்து கேட்கிறேன்' என்று படித்தேன். வாட்சைக் கேட்டீர்களே, அதை, 'முள்ளைப் பார்த்து ஓடாதே, காலை நம்பி ஓடு. அதற்காகத்தான் வாட்சைத் திருப்பி வாங்குகிறேன்' என்று படித்தேன். அன்றிலிருந்துதான் காலை எண்ண ஆரம்பித்தான். தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பச் சொன்னீர்களே, அந்தக் கடிதத்தை, 'நீயும் வந்துவிட்டால் எனக்கு இங்கே ஒரு துணை' என்று படித்தேன். அன்றைக்கு எழுந்து வெளியே போனவன் பொழுது சாயும் வரை ஓடினான்.

பொய் சொன்னது தப்புதான். நம் சர்ச் பாதிரியார் வீட்டு ஐயரம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். அவன் உங்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான். அதைப் படித்துவிட்டு அவனிடம் எதையும் போட்டு உடைத்துவிடாதீர்கள்.

சாத்தூருக்குப் போகப் பெட்டி கட்டியிருந்தேன். வயிற்றெரிச்சல் என்று நீங்களே உங்கள் கையால் எழுதியிருந்ததைப் படித்ததும் பிரித்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஷீலா

*

ஜபல்பூர்
2.8.1987

அன்புள்ள ஷீலா,

இன்பராஜ் கடிதம் வந்தது. நாலு பக்கம். அவன் கையெழுத்தைப் படிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அதில் இப்படி எழுதியிருக்கிறான்: 'அண்ணே, ஊர்ல ரெண்டு பேரு டைமும் ஒன்னுதான்னு சொல்லிட்டேன். சுப்புராஜ் அண்ணன்ட்டயும் வெளிய சொல்லாதீகன்னு சொல்லிட்டேன்.' ஐந்து மாதம் பாடுபட்டுக் குறைத்த இரண்டு செகண்டை எனக்காக விட்டுக்கொடுத்திருக்கிறான். அதைப் படித்த அன்று என்னால் மெஸ்ஸில் சாப்பிட முடியவில்லை.

அப்பாவுக்கு ஒரு கார்டு போட்டிருக்கிறேன். இன்லாண்டு லெட்டர் வாங்கினால் மூடித்தானே அனுப்ப வேண்டும் என்று வேண்டுமென்றே கார்டில் எழுதினேன். போஸ்ட்மேன் படிக்கட்டும், டீக்கடையிலும் படிக்கட்டும். சின்னவன் ஐந்து இருபத்தொன்பது, என்னைவிட இரண்டு செகண்டு குறைவு என்று எழுதியிருக்கிறேன். என் நேரத்தில் முக்கால்வாசி பாலவனத்தம் சுப்புராஜ் கொடுத்தது என்றும் எழுதியிருக்கிறேன். ஆறு வரிதான். எழுதி முடிக்க அரை நாள் ஆயிற்று.

இன்பராஜ் மேல் இருந்த எரிச்சல் போய்விட்டது. நிஜமாகவே போய்விட்டது. ஆனால் வேறொருவன் மேல் வந்துவிட்டது.

அவன் கடிதம் முழுக்க ஓர் அண்ணன் வருகிறான். தம்பி விழுந்தால் ஏன் விழுந்தாய் என்று பொறுமையாகச் சொல்லித் தருகிறான். திட்டினால் அதில் ஒரு அக்கறை இருக்கிறது. வாட்சைத் திருப்பிக் கேட்டால்கூட அதில் ஒரு நல்லெண்ணம் இருக்கிறது. தம்பி பக்கத்தில் இல்லையே என்று ஏங்குகிறான். இப்படி ஓர் ஆளை எனக்குத் தெரியாது. நீதான் அவனை உண்டாக்கியிருக்கிறாய். என் கையெழுத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, அதில் இருந்ததைத் தள்ளிவிட்டு, உன் புருஷன் எப்படி இருந்தால் உனக்குப் பிடிக்குமோ அப்படி ஒருவனை இத்தனை மாதமாக உரக்கப் படித்திருக்கிறாய். அவனைப் பற்றிப் பேசும்போது உன் குரல் எப்படி இருந்தது என்று இன்பராஜுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

லீவு கிடைத்துவிட்டது. பத்தொன்பதாம் தேதி காலை பத்து மணி வாக்கில் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்குவேன். நீ வந்தால் சந்தோஷம். வந்தால் ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு வா. பஸ்ஸிலிருந்து இறங்கப் போவது அவன் இல்லை, நான்தான்.

ஜெபக்குமார்